பக்கச் சில்லு ஸ்கூட்டர்: மருத்துவச் சான்றிதழ் முதல் இலக்கத்தகடு வரை

கால் இயலாத ஒருவர் ஸ்கூட்டர் ஓடப் போகிறார் என்றால் வீட்டில் முதலில் நடப்பது இதுதான். ஒருவர் பழைய ஸ்கூட்டர் ஒன்றைப் பேசி முடிப்பார். இன்னொருவர் தெரிந்த வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவார். இரண்டு கிழமையில், கவிழாமல் தாங்க இரு பக்கமும் பக்கச் சில்லு பூட்டிய வாகனம் முற்றத்தில் நிற்கும். லைசன்ஸ், இன்சூரன்ஸ், வாகனப் புத்தகம் எல்லாம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும். அப்போது பார்த்தால் சில்லின் அகலம் படலைக்குள் போகாது, பிரேக் இயலாத கைப்பக்கம் இருக்கும், இன்சூரன்ஸ்காரர் ‘இது எங்களுக்கு அறிவிக்கவில்லையே’ என்பார். வெல்டிங் கடைசி வேலையாக வரவேண்டும். கீழே உள்ளது அந்த ஒழுங்கில் எழுதியது.

அடிக்கடி வரும் ஒரு கேள்விக்கு முதலில் பதில். ‘கனடாவில் எங்கட சித்தப்பாவுக்குத் தனி அட்டை இருக்கு, இங்கே இலங்கையில் அப்படித் தனி இலக்கத்தகடு எடுக்கலாமா?’ கனடா ஒன்ராறியோவிலும் இங்கிலாந்திலும் தரும் வாகனத் தரிப்பு அனுமதி ஆளுக்கு உரியது. அவர் எந்தக் காரில் போனாலும் அட்டை கூடவே போகும். நம்முடைய இலக்கத்தகடு வாகனத்துக்கு உரியது. முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள். அதில் உள்ள எழுத்து வாகனத்தைப் பற்றிப் பேசுமே தவிர ஓட்டுபவரின் உடல்நிலையைப் பற்றிப் பேசாது. உங்கள் உடல்நிலை பதிவாகும் இடம் சாரதி அனுமதிப்பத்திரம். ஆகவே அலைச்சல் முழுவதையும் அந்த ஒரு பத்திரத்தைச் சரியாக எடுப்பதில் செலவழியுங்கள்.

உடம்பைப் பார்த்து வாகனம்

இடக்கால் மட்டும் இயலாதவருக்கும், இரண்டு காலும் இயலாதவருக்கும், ஒரு கை பலவீனமானவருக்கும் ஒரே ஸ்கூட்டர் பொருந்தாது. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, பொய்க்கால் போட்டு நடக்கிறார், மற்றக் கால் உறுதியானது என்றால் பக்கச் சில்லு தேவையா என்பதையே முதலில் யோசிக்க வேண்டும். சிலருக்கு உயரம் குறைந்த சாதாரண ஸ்கூட்டரே போதும். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனத்திலோ, நீங்கள் பொய்க்கால் செய்வித்த வேறு இடத்திலோ இதைக் கேளுங்கள். பொய்க்காலின் பாதம் மிதிபலகையில் எந்தக் கோணத்தில் இருக்கிறது, முழங்கால் மூட்டு தானாக மடிகிறதா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு வேறு மூன்று ஆபத்துகள் உண்டு. உணர்ச்சியில்லாத தோல் சூட்டை அறியாது. மத்தியான வெயிலில் நின்ற ரெக்சின் சீற்றில் அப்படியே ஏறி இருந்தால் தொடையில் கொப்புளம் வரும், உங்களுக்குத் தெரியவராது. சீற்றுக்குத் துணியுறை போடுங்கள், ஏறுமுன் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டாவது, சைலன்சர். கால் சரிந்து அதில் படாதபடி தகட்டு மறைப்பு ஒன்று கட்டாயம். மூன்றாவது, கால் திடீரென்று இழுத்து உதறுவது. மிதிபலகையில் குதி அடங்கும் அளவுக்கு ஒரு கிண்ணமும் அகலமான வெல்குரோ பட்டியும் வைத்தால் கால் வெளியே பாயாது. நீண்ட தூரம் போனால் 15, 20 நிமிடத்துக்கு ஒருக்கால் நிறுத்தி, கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்குங்கள். படுக்கைப்புண் படுக்கையில் மட்டும் வருவதில்லை.

இடுப்பை ஸ்கூட்டரோடு பட்டியால் கட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. வாகனம் கவிழ்ந்தால் ஆள் அதன் கீழே மாட்டுவார். முதுகுச் சாய்வும் இரண்டு பக்கத் தாங்கியும் போதும்.

கடதாசி வேலை முதலில்

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மருத்துவச் சான்றிதழ் தருவது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனம். யாழ்ப்பாணத்திலும் கிளை இருக்கிறது. போகும்போது அடையாள அட்டையோடு, உங்களைத் தொடர்ந்து பார்க்கும் வைத்தியரிடம் ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள். ‘இடக்காலில் பலவீனம்’ என்று ஒரு வரி எழுதிய கடிதம் பயன்படாது. எந்தக் கை கால் எவ்வளவு அசைகிறது, நிலை இப்போது நிலையாக இருக்கிறதா, இன்னும் மாறக்கூடியதா, வலிப்பு உண்டா, மயக்கம் தரும் மருந்து எடுக்கிறாரா என்று தெளிவாக இருக்க வேண்டும். பொய்க்கால் போடுபவர் அதைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு போக வேண்டும். ஓடும்போது எப்படி இருப்பீர்களோ அப்படியே பரிசோதிக்கப்படுவதுதான் உங்களுக்கு நல்லது. குறையை மறைத்துச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி ஆலோசனை தருவார்கள். கேட்காதீர்கள். ஒரு விபத்து நடந்தால் முதலில் விழுவது அந்தச் சான்றிதழ்தான்.

அடுத்தது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். மாவட்ட அலுவலகம் கச்சேரி (மாவட்டச் செயலக) வளாகத்தில் இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றும் மூலமும் பிரதியுமாகத் தேவை. இங்கேதான் பலர் கோட்டைவிடும் ஒரு விசயம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் வகுப்பு வகுப்பாகத் தரப்படுகிறது. ஏ1, ஏ என்பவை மோட்டார் சைக்கிள். பி1 முச்சில்லு வகை. பி கார். பக்கச் சில்லு பூட்டிய ஸ்கூட்டரை எந்த வகுப்பில் பரீட்சிப்பது, அனுமதிப்பத்திரத்தில் என்ன நிபந்தனை எழுதுவது என்பதை முடிவுசெய்பவர் பரிசோதகர்தான், உங்கள் மெக்கானிக் அல்ல. ஆகவே வாங்க நினைக்கும் ஸ்கூட்டரின் படம், சில்லுகளைத் தாங்கப் பூட்ட நினைக்கும் இரும்புச் சட்டத்தின் படம், அகலம் நீள அளவு எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டி, பதிலைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். முடிந்தால் எழுத்தில் கேளுங்கள்.

எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். 40 கேள்வி, 30 சரியாக வரவேண்டும். சித்தியடைந்ததும் பழகுநர் அனுமதி வரும், 18 மாதம் செல்லுபடி. செயன்முறைப் பரீட்சைக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தைத்தான் வாகனம் செய்விக்கவும் பழகவும் பயன்படுத்த வேண்டும். செயன்முறைப் பரீட்சைக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டியது உங்களுக்காக மாற்றிய அதே வாகனம்.

எந்த ஸ்கூட்டர்

கியர் இல்லாதது. 110 சிசி அளவில் எடுங்கள். நம் ஒழுங்கைகளில் நிறைந்திருக்கும் 88 சிசி ஸ்கூட்டிகள் பாரம் குறைந்தவை, விலையும் கொஞ்சம் இறங்கியது, ஆனால் பக்கச் சட்டமும் இரண்டு சில்லும் ஏறியதும் மூச்சு வாங்கும். மதகில் ஏறும்போது தெரியும்.

செல்ஃப் ஸ்டார்ட் சரியாக இருக்கிறதா என்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். உங்களுக்குக் கிக்கர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்றரியை மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற வண்டியில் 12.5 வோல்ற்றுக்குக் கிட்ட, எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12இலேயே நின்றால் பற்றரியை மாற்றிப் பயனில்லை, சார்ஜ் ஏறவில்லை.

இந்த வகை ஸ்கூட்டர்களில் வலக்கைப் பிடி முன் பிரேக், இடக்கைப் பிடி பின் பிரேக், வேகம் வலக்கை. சிலவற்றில் இடப்பிடியை அழுத்தினால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். இடக்கை பலவீனமானவர் இரண்டு வயரையும் வலப்பிடியோடு இணைப்பிக்க வேண்டும். வலக்கை இயலாதவருக்கு வேகப்பிடியை இடப்பக்கம் மாற்ற வேண்டும். இது வயரின் நீளத்தையும் வளைவையும் பொறுத்த வேலை. வயர் இறுகினால் ஹான்டிலைத் திருப்பும்போது தானாக வேகம் ஏறும். மாற்றிய பிறகு வாகனத்தை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஹான்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மாறக்கூடாது.

சட்டமும் சில்லும்

பூட்டுமுன் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். படலை எத்தனை அங்குலம்? ஒழுங்கை முடக்கில் மதிலுக்கும் தந்திக் கம்பத்துக்கும் இடையில் எவ்வளவு? வாகனத்தின் வெளி அகலம் மூன்று அடிக்குக் கிட்ட வரும். படலைக்கு இருபக்கமும் ஆறு அங்குலம் மிச்சம் இருந்தால்தான் தினமும் உரசாமல் போய்வரலாம். அகலத்தைக் குறைப்பதைவிடப் படலையைப் பெருப்பிப்பது நல்லது. அகலம் குறையக் குறையக் கவிழும் ஆபத்து கூடும்.

பின் சில்லு இருந்த இடத்திலேயே இருந்து இழுக்கும், இரண்டு பக்கமும் இரண்டு சில்லு தாங்கும். பொதுவான அமைப்பு இதுதான். இதில் நடக்கும் பெரிய பிழை பக்கச் சில்லுகளை அசையாமல் இறுக்கிவிடுவது. வீதியில் ஒரு பள்ளம் வரும்போது இரண்டு பக்கச் சில்லும் மேட்டில் நிற்கும், நடுச் சில்லு பள்ளத்துக்கு மேல் தொங்கும். எஞ்சின் அலறும், வாகனம் நகராது. பின் பிரேக்கும் அந்த நேரம் இல்லை. அதனால் ஒவ்வொரு பக்கச் சில்லுக்கும் தனித்தனி சொக் (அதிர்வு தாங்கும் சுருள்) வேண்டும்.

பட்டறையிலிருந்து எடுக்குமுன் இதைப் பாருங்கள். இரண்டு அங்குல மொத்தமான இரண்டு பலகைத் துண்டு எடுத்து இரண்டு பக்கச் சில்லுக்கும் கீழே வையுங்கள். நடுச் சில்லு நிலத்திலேயே நிற்கட்டும். நீங்கள் ஏறி இருங்கள், முன்னுக்கு ஒருவர் பக்கவாட்டில் நின்று பிடிக்கட்டும். மெல்லமாக வேகம் கொடுங்கள். வாகனம் பலகையை விட்டு உருண்டு இறங்கினால் சரி. நடுச் சில்லு வழுக்கிச் சுழன்றால் பக்கச் சொக் கடினம், இளக்கச் சொல்லுங்கள். பிறகு பலகையை எடுத்துவிட்டு, இருந்தபடியே உடம்பை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். தொட்டில்போல ஆடினால் சொக் மிருது, அல்லது சில்லு உயரத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை கிடைக்கும்வரை பட்டறையைவிட்டு வரவேண்டாம். காசு முழுவதையும் கொடுத்துவிட்டும் சோதிக்கவேண்டாம்.

ஸ்கூட்டரின் சொந்தச் சேசிஸில் வெல்டிங் வைக்கவிடாதீர்கள். சட்டம் தனியாக வெல்டிங் செய்து, ஏற்கெனவே உள்ள போல்ற் இடங்களில் பூட்டப்பட வேண்டும். காரணம் இரண்டு. சூடேறிய இரும்பு அந்த இடத்தில் பலம் இழக்கும். சேசிஸ் இலக்கத்துக்குக் கிட்ட சூடோ கிறைண்டரோ பட்டு இலக்கம் அழிந்தால், பிறகு வாகனம் யாருடையது என்று நிரூபிக்கவே நீங்கள் அலைய வேண்டிவரும். வெல்டிங் எதுவும் வாகனத்தில் வைத்துச் செய்வதானால் பற்றரி வயரைக் கழற்றி, பெற்றோல் தாங்கியை இறக்கிய பிறகுதான். நட்டுகள் பிளாஸ்ரிக் வளையம் உள்ளவையாக இருக்கட்டும், சாதாரண நட்டு அதிர்வில் கழரும். முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்குங்கள், பிறகு மாதம் ஒருமுறை. வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் கடற்காற்றில் ஓடுபவர்கள் பைப் சட்டத்தின் தாழ்ந்த இடத்தில் சின்னத் துளை போடுவித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே தேங்கினால் வெளியே பெயின்ற் பளபளக்க உள்ளே உக்கிப்போகும்.

பக்கச் சில்லுகளுக்கு மட்காட் கட்டாயம். சேலைத் தலைப்பும் சாரமும் சுற்றுவது அங்கேதான். மட்காட் பூட்டியதும் பின் சிக்னல் மறைந்திருக்கும், அதை வெளிப்பக்கம் நகர்த்துங்கள். இரவில் பின்னால் வருபவர் உங்களைச் சாதாரண மோட்டார் சைக்கிள் என்று நினைத்தே விலத்துவார். இரண்டு மட்காட்டின் வெளி ஓரத்திலும் சிவப்புப் பிரதிபலிப்பான் ஒட்டினால்தான் அகலம் தெரியும். இரண்டு ரயரிலும் காற்று ஒரே அளவு. ஒன்று குறைந்தால் வாகனம் அந்தப் பக்கம் இழுக்கும், ஹான்டிலில் பிழை என்று நீங்கள் நினைப்பீர்கள்.

ஊன்றுகோலுக்கு ஒரு பிவிசி பைப் துண்டு போதும். அடியை மூடி, துளை ஒன்று போட்டு, இடப்பக்கம் கட்டுங்கள். துளை இல்லாவிட்டால் மாரியில் அது தண்ணீர்க் குழாய். பின்னால் கட்டுபவர்கள் இலக்கத்தகட்டை மறைத்துவிடுகிறார்கள். தகட்டின் எந்த எழுத்துக்கும் குறுக்கே பைப்போ பட்டியோ வரக்கூடாது. பக்கச் சட்டத்தால் தகடு உள்ளே போய்விட்டால் தகட்டையும் அதன் லைற்றையும் சேர்த்து வெளியே கொண்டுவாருங்கள். சக்கர நாற்காலிச் சின்னம் ஒட்டுவது நல்லது, பின்னால் வருபவர் பொறுமை காட்டுவார். அதைத் தகட்டில் ஒட்டாதீர்கள்.

வாகனப் புத்தகமும் இன்சூரன்சும்

வாகனத்தின் அமைப்பை மாற்றினால் பதிவு உரிமையாளர் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பட்டறையின் பில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், மருத்துவச் சான்றிதழின் பிரதி மூன்றையும் வைத்திருங்கள். வாகனம் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம். பெயர் மாற்றாமல் திறந்த கடிதத்தில் வாங்கி ஓடும் பழக்கம் இந்த வாகனத்துக்குச் சரிவராது, ஏனென்றால் மாற்றத்தை அறிவிக்க வேண்டியவர் புத்தகத்தில் பெயர் உள்ளவர்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, மாற்றத்தை ஏற்றுக்கொண்டதாக எழுத்திலேயே வாங்குங்கள். ‘பரவாயில்லை, ஓடுங்கோ’ என்று போனில் சொன்னது இழப்பீடு கேட்கும் நாளில் நிற்காது. புகைப் பரிசோதனையும் இன்சூரன்சும் இருந்தால் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். எல்லாவற்றின் பிரதியும் ஒரு பிளாஸ்ரிக் உறையில் சீற்றுக்குக் கீழே இருக்கட்டும். பொலிஸ் மறித்தால் இறங்காமல் எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

பழகுவது

முன்பு சாதாரண மோட்டார் சைக்கிள் ஓடியவர்களுக்குத்தான் இது கூடுதல் கஷ்டம். அவர்கள் உடம்பைச் சரித்துத் திரும்பப் பழகியவர்கள். இந்த வாகனம் சரியாது. ஹான்டிலால் மட்டுமே திரும்பும், திரும்பும்போது உங்களை வெளிப்பக்கம் தள்ளும். உடம்பை உள்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

முன் சில்லையும் இரண்டு பக்கச் சில்லையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். பின்னுக்கு அகலம், முன்னுக்குக் கூர். உங்கள் பாரம் பின்னுக்கு இருக்கும்வரை அகலமான இடத்தில் இருக்கிறீர்கள். வளைவுக்குள் போய் பிரேக் பிடித்தால் பாரம் முன்னுக்குப் பாயும், ஒடுங்கிய இடத்துக்கு. வாகனம் கவிழ்வது அப்போதுதான். பிரேக்கை வளைவுக்கு முன்னே பிடித்து முடித்துவிட்டு, குறைந்த வேகத்திலேயே திரும்புங்கள். ஒழுங்கையிலிருந்து வீதிக்கும், சந்தியில் வீதியிலிருந்து வீதிக்கும் திரும்பும்போது மணிக்கு 15 கிலோமீற்றரைத் தாண்டவேண்டாம். ஹான்டிலில் மரக்கறிப் பை தொங்கவிடவும் வேண்டாம்.

பள்ளிக்கூட மைதானத்திலோ ஊர் வெளியிலோ முதல் இரண்டு கிழமை. நாலு செங்கல் வைத்து எட்டுப் போடுங்கள். பிறகு செங்கலை நெருக்குங்கள். அடுத்த கிழமை ஞாயிறு காலையில் தார் வீதி, முன்னும் பின்னும் ‘எல்’ அட்டையோடு, தலைக்கவசத்தோடு. தார் ஓரம்தான் பெரிய சோதனை. இரண்டு சில்லில் ஓடியபோது ஓரத்தை ஒட்டிப் போன பழக்கத்தில் இப்போதும் போனால் இடப்பக்கச் சில்லு தாரை விட்டு மணலுக்குள் இறங்கும், ஹான்டில் இடப்பக்கம் பறிக்கும். ஒன்றரை அடி வலப்பக்கம் தள்ளி ஓடப் பழகுங்கள். இறங்கிவிட்டால் உடனே வெட்டி ஏறாதீர்கள். வேகத்தை விட்டு, நிமிர்ந்து நின்ற பிறகு ஏறுங்கள். பள்ளத்தைக் கால் நடுவில் விட்டுப் போகும் வித்தையும் இனி இல்லை. மூன்று தடம், ஏதோ ஒரு சில்லு விழத்தான் செய்யும்.

கடலுக்கு மேல் போகும் பண்ணைப் பாலத்தில் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பக்கக் காற்று அடிக்கும். சரியாது என்றாலும் தடம் மாறும். பஸ் ஒன்று விலத்தும்போது காற்று ஒரு கணம் நின்று மறுபடி அடிக்கும், அந்த இடத்தில் ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காமல் உறுதியாக மட்டும் பிடியுங்கள்.

நிறுத்தும் இடம்

ரிவேர்ஸ் மோட்டர் பூட்டாதவர்கள் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்: மூக்கை வீதிப் பக்கம் திருப்பியே நிறுத்துவது. கடை வாசலுக்குள் முன்னோக்கி நுழைந்தால் வெளியே வர ஒருவரைக் கூப்பிட வேண்டிவரும். ஸ்ராண்ட் தேவையில்லை, ஆனால் பின் பிரேக் பிடியை அழுத்தி வைக்கும் கிளிப் வேண்டும். ஊர் தட்டையானது என்று நம்பி விட்டுப்போன வாகனங்கள் மழைத்தண்ணி ஓடும் சரிவில் மெல்ல உருண்டிருக்கின்றன.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களுக்கு உண்டு. வங்கியிலோ அலுவலகத்திலோ சாய்தளத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் அடுக்கியிருந்தால் காவலாளியோடு சண்டை பிடிப்பதைவிட, படம் எடுத்து, இந்த இரண்டையும் குறிப்பிட்டு முகாமையாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். திகதி போட்ட பிரதி ஒன்றை முத்திரை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

காரைத் தெரிவுசெய்பவர்களுக்கு

கார் வேலை சுருக்கமானது. இடக்கால் மட்டும் இயலாது என்றால் ஓட்டோ கியர் காரில் எந்த மாற்றமும் வேண்டியதில்லை, ஆனால் சில யப்பான் கார்களில் தரிப்புப் பிரேக் இடக்காலால் மிதிப்பது, வாங்குமுன் அதைப் பாருங்கள். வலக்கால் இயலாதவருக்கு இடப்பக்கம் இன்னொரு அக்சிலேற்றர். இரண்டு காலும் இயலாதவருக்குக் கைநெம்பு, தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். எங்கள் கார்களில் சிக்னல் கம்பி ஸ்ரேறிங்கின் வலப்பக்கம் இருப்பதால் கைநெம்பும் அதே பக்கம் வந்தால் முட்டும். பூட்டுமுன் உட்கார்ந்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். உணர்ச்சியில்லாத காலோ பொய்க்காலோ பெடலுக்குக் கீழே சறுக்கிப் போகாமல் இருக்க, பெடலுக்கு முன்னால் கழற்றக்கூடிய தகடு ஒன்று. வீட்டில் வேறு ஆளும் அதே காரை ஓடுவதாக இருந்தால் அந்தத் தகட்டைக் கழற்ற ஸ்பானர் தேவைப்படாதபடி கைத்திருகு வைக்கச் சொல்லுங்கள்.